தேவாலயம் சமைத்த தச்சன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களிலே ஒருவகை மரத் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. செங்குத்தாகச் சரிந்த கூரை. உச்சி கூர்ந்த ஒடுங்கிய சாளரங்கள். முகட்டின் மேலோ பக்கத்திலோ எளியதொரு மணிக்கூடு. சுவரெங்கும் நெடுக்காக நிறுத்திய பலகைகள். இவற்றுட் பல எப்பிஸ்கோப்பல் திருச்சபைக்கு உரியவை. கட்டியோர் பெரும்பாலும் அவ்வவ்வூர்த் தச்சர்களே. ஆயினும், அத்தச்சர் பலரின் கைகளுக்கு வழிகாட்டிய மனம் ஒன்றுண்டு. அம்மனத்துக்கு உரியவர் றிச்சாட் அப்ஜோன் என்பார். நியூயோர்க் நகரின் திரித்துவ தேவாலயத்தைக் கட்டியவர் என்றே உலகம் அவரைப் பெரிதும் அறியும். அப்பேராலயத்திலும் பார்க்க, அவர் சிற்றூர்களுக்கு வகுத்தளித்த சின்னஞ்சிறு மரக்கட்டடங்களே அவருடைய நற்பணியின் முடி என்பது என் துணிபு. அதனைக் காட்டவே அவர் வாழ்க்கையை இங்கே சொல்லப் புகுகின்றேன். அவ்வாலயங்களின் வரலாற்றிலே மறைக்கத் தகாத துயரம் ஒன்றும் கலந்திருக்கின்றது. அதனை விட்டுவிட்டு இக்கதையைச் சொல்லுதல் நேர்மையாகாது.

அப்ஜோன் 1802ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் இங்கிலாந்தின் தென்மேற்கிலே, டோசெற் மாகாணத்து ஷாப்ட்ஸ்பரி என்னும் ஊரிற் பிறந்தார். அது குன்றின்மேல் அமைந்த ஊர். இடித்தழிக்கப்பட்ட பழைய கன்னியர் மடம் ஒன்றின் அடித்தளங்கள் அங்கே எஞ்சிக் கிடந்தன. இடைக்காலத் திருப்பணிகள் சூழ்ந்த அந்நாட்டுப்புறத்தில் வளர்ந்த சிறுவன், கூர்வளைவுகளையும் கற்றூண்களையும் ஏட்டிலே படிக்குமுன் கண்ணாலே கற்றிருப்பான் என்று நாம் எண்ணலாம். எனினும் அவர் கட்டடக்கலைக் கல்லூரி எதிலும் பயின்றவரல்லர். இளமையிலேயே தளபாடம் செய்யும் தச்சரொருவரிடம் தொழில் பழக விடப்பட்டார். மரத்தின் நரம்பு எப்பக்கம் ஓடுகின்றது, எவ்விடத்திற் பொருத்து நிலைக்கும், எவ்விடத்திற் பிளக்கும் என்பவற்றை உளிபிடித்துக் கற்ற கல்வியே அவருடைய முதற் கல்வி. பின்னாளிற் கல்லிலே பெரும்புகழ் பெற்றபோதும் அவர் உள்ளத்தின் அடித்தளத்தில் ஒரு தச்சன் எப்பொழுதும் வாழ்ந்துகொண்டிருந்தான்.

தொழில் கற்று, எலிசபெத் பரி என்னும் மங்கையை மணந்து, சொந்தமாகத் தொழில் நடத்தத் தொடங்கிய அவருக்குக் கடன் மிகுந்தது. மீளும் வழி காணாமல் 1829ஆம் ஆண்டு மனைவியோடும் கைக்குழந்தையோடும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மசசூசெற்ஸ் மாநிலத்தின் நியூபெட்போட் என்னும் துறைமுகத்திலே தங்கினார். திமிங்கில வேட்டைக்குப் பேர்போன பட்டினம் அது. அங்கே கட்டடங்களுக்கு வரைபடம் எழுதுவதும், மாலை வேளைகளில் வரைதற்கலை கற்பிப்பதும் அவருடைய சீவனோபாயமாயின. பகலெல்லாம் கூலிக்கு வரைந்து, இரவிலே பிறருக்குக் கற்பித்த அந்த ஆசிரியப் பணியை எண்ணும்போது எனக்கு அவர்மீது தனியன்பு பிறக்கின்றது. கற்பிப்பவனுக்குத் தன் கலையைத் தெளிவாகச் சொல்லவேண்டிய கடமை உண்டு. அத்தெளிவே பின்னர் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1834ஆம் ஆண்டில் அவர் பொஸ்ரன் நகரஞ் சென்று, அலெக்சாந்தர் பரிஸ் என்னும் கட்டடக்கலைஞரிடம் பணிபுரிந்தார். 1836இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அக்காலத்திலேயே மெயின் மாநிலத்தின் பங்கோர் நகரில் புனித யோவான் தேவாலயத்தை அமைக்கும் வாய்ப்பு அவரை அடைந்தது. தேவாலயக் கலையில் அவரெடுத்த முதலடி அது. அவ்வாலயம் இப்போது இல்லை. 1911ஆம் ஆண்டு அந்நகரை விழுங்கிய பெருந்தீயிலே அழிந்தது.

இங்கே எப்பிஸ்கோப்பல் திருச்சபை யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாக அமெரிக்கக் குடியேற்றங்களில் வளர்ந்த சபை, அந்நாடு விடுதலை பெற்றபின் ஆங்கில முடியின் தலைமையை ஏற்க இயலாத நிலையடைந்தது. ஆகவே 1789இல் தனியொரு திருச்சபையாக அமைந்தது. அத்தியட்சர்களால் ஆளப்படும் சபை என்பதே எப்பிஸ்கோப்பல் என்னும் பெயரின் பொருள். யாழ்ப்பாணத்தில் 1816ஆம் ஆண்டு முதல் கல்விப்பணி புரிந்த அமெரிக்க மிஷனரிமார் இச்சபையைச் சேர்ந்தவரல்லர். அவருட் பெரும்பாலோர், ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆளும் கொங்கிறிகேஷனல் மரபில் வந்தோர். இவ்விரு மரபுகளுக்கும் வழிபாட்டிலே வேற்றுமையுண்டு. ஆதலின் கட்டடத்திலும் வேற்றுமையுண்டு. பிரசங்கமே முதன்மையான சபைக்குப் பேச்சுக் கேட்கும் மண்டபம் போதும். நற்கருணைப் பலிபீடமும் முறையான ஆராதனையும் முதன்மை பெற்ற சபைக்கோ மக்கள் அமரும் பகுதியினின்றும் வேறாகச் சற்றே உயர்ந்து, ஆழ்ந்து செல்லும் பலிபீடப் பகுதி வேண்டும். அப்ஜோன் எப்பிஸ்கோப்பல் சபையிலே ஆழ்ந்த பற்றுடையவர். அவருக்குக் கட்டடம் கட்டுதல் பிழைப்பு மாத்திரமன்று. அது ஒரு வழிபாடு.

1839ஆம் ஆண்டு அவர் நியூயோர்க்கிற்கு அழைக்கப்பட்டார். அந்நகரின் திரித்துவ தேவாலயம் முன்னரே ஒருமுறை, 1776ஆம் ஆண்டுத் தீயிலே எரிந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. இரண்டாவது கட்டடத்தின் கூரை 1838-39ஆம் ஆண்டு மாரியிற் பொழிந்த கடும்பனியின் பாரத்தாலே நலிந்தது. பழுதுபார்க்க வந்த அப்ஜோன், அதனைத் திருத்துதல் இயலாது, புதிதாகவே கட்டல் வேண்டும் என்று கண்டார். கடனுக்கஞ்சிக் கடல்கடந்து பத்தே ஆண்டுகளான தச்சரிடம், நாட்டின் செல்வமிக்க ஆலயங்களுள் ஒன்றை அமைக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. நியூஜேர்சியிலிருந்து கொணர்ந்த செம்பழுப்பு நிறக் கல்லால் ஏழாண்டுகள் உழைத்து எழுப்பினார். 1846ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், பரமேறுதல் திருநாளன்று, அது பிரதிட்டை செய்யப்பட்டது. அதன் கூர்ங்கோபுரம் 281 அடி உயரமுடையது. நெடுங்காலம் அது நியூயோர்க்கின் மிக உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. இன்றோ வானளாவிய வணிக மாளிகைகளிடையே அது ஒரு குழந்தைபோல நிற்கின்றது.

அவ்வாலயத்திலும் ஒரு குறையுண்டு. அதன் உள்விதானம் கல்வளைவுபோலத் தோன்றினும் உண்மையில் மரச்சட்டத்தின்மேற் பூசிய சாந்தேயாம். கட்டடம் உண்மை பேசவேண்டும், ஒரு பொருளை மற்றொன்றாகக் காட்டலாகாது என்று அக்காலத்துக் கோதிக் கலை அறிஞர் வற்புறுத்தி வந்தனர். அவர்கள் கண்ணுக்கு இது பெருங்குற்றமாயிற்று. பிற்காலத்தில் அப்ஜோன் அமைத்த சிற்றூர் ஆலயங்களிலே கூரைமரங்கள் மூடப்படாமல், தீராந்தியும் கைமரமும் தம் இயல்பான வடிவத்தோடு வெளிப்பட நிற்பதைக் காண்கின்றோம். பேராலயத்திற் பேசாத உண்மையை அவர் சிற்றாலயங்களிலே பேசினார் என்றே நான் கருதுகின்றேன்.

திரித்துவ தேவாலயம் அவர் புகழை நாடெங்கும் பரப்பிற்று. அத்தியட்சர்களும் குருமாரும் பற்பல ஊர்களிலிருந்து அவரை நாடினர். நியூஜேர்சியின் பேளிங்டன் என்னும் சிற்றூரிலே அத்தியட்சர் டோன் அவர்களுக்காக அவர் அமைத்த புனித மரியாள் தேவாலயம், 1846இல் தொடங்கப்பெற்று 1854இல் பிரதிட்டையாயிற்று. இங்கிலாந்தின் ஷொட்ஸ்புறூக்கிலுள்ள பதினான்காம் நூற்றாண்டுத் தேவாலயத்தை மாதிரியாகக் கொண்டு, சிலுவை வடிவில், நடுவே கற்கோபுரம் ஓங்கும்படி அதனை வகுத்தார். அது 1976ஆம் ஆண்டிலே தீயால் உள்ளழிந்தும், கற்சுவர்களும் கோபுரமும் தப்பி நின்றமையாற் பின்னர் புதுக்கப்பட்டது.

அவர் மனச்சாட்சிக்கு அஞ்சியவர். திரித்துவக் கொள்கையை ஏற்காத யூனிற்றேரியன் சபையொன்று பொஸ்ரனில் ஆலயம் கட்டித்தரக் கேட்டபோது, தம் நம்பிக்கைக்கு மாறானதெனக் கூறி மறுத்துவிட்டார். கூலி நோக்கிக் கொள்கையை விற்காத அந்த உறுதியை நான் மதிக்கின்றேன். எனினும் கொங்கிறிகேஷனல் சபையார்க்கு அவர் கட்டிக்கொடுத்ததுண்டு. மெயின் மாநிலத்துப் பிறன்சுவிக் என்னும் கல்லூரிச் சிற்றூரிலே அவர் கைவண்ணம் மூன்றிடங்களில் ஒருங்கே விளங்குகின்றது. போடின் கல்லூரிக்கு உரோம வளைவு முறையில், இரட்டைக் கோபுரத்தோடு கருங்கற்கோயில் ஒன்று. கொங்கிறிகேஷனல் சபைக்கு மரத்தாலான பெரிய கோதிக் ஆலயம் ஒன்று. எப்பிஸ்கோப்பல் சபையின் சிறுகூட்டத்தார்க்கு, 1845ஆம் ஆண்டில், புனித பவுல் ஆலயம் என்னும் மிகச்சிறிய பலகைக் கோயில் ஒன்று. இம்மூன்றனுள் மூன்றாவதே அப்ஜோனின் பிற்காலப் பணிக்கு வித்தாயிற்று.

அக்காலத்திலே அமெரிக்கச் சிற்றூர்களின் நிலை யாது? மேற்கு நோக்கி மக்கள் குடியேறிக்கொண்டிருந்தனர். காட்டை வெட்டி ஊர் அமைத்த சில குடும்பங்கள் கூடி ஆலயம் வேண்டும் என விரும்பும். கல் வாங்கப் பணமில்லை. கட்டடக்கலைஞர் ஒருவரைக் கண்டறிந்த அனுபவமும் இல்லை. ஊர்த் தச்சன் தான் அறிந்தபடி ஒரு மண்டபம் கட்டி, முன்னே கிரேக்கத் தூண்போல மரத்தைக் கடைந்து நிறுத்தி, சலவைக்கல்லென மயங்குமாறு வெள்ளைப்பூச்சுப் பூசிவிடுவான். இவ்வேழைச் சபைகளிலிருந்து அப்ஜோனுக்குக் கடிதங்கள் வந்தவண்ணம் இருந்தன. அவர் ஆண்டுதோறும் ஏழைச் சபையொன்றுக்கு ஊதியம் பெறாமலே ஆலயம் வகுத்துக் கொடுப்பதை வழக்கமாகக் கொண்டார். ஆயினும் ஒருவர் எத்தனை ஊருக்கு வரைந்தனுப்ப முடியும்?

இதற்கு விடையாகவே 1852ஆம் ஆண்டில் நாட்டுப்புறக் கட்டடக்கலை பற்றிய தமது நூலை நியூயோர்க்கில் வெளியிட்டார். மரத்தேவாலயம் ஒன்று, அதனினுஞ் சிறிய சிற்றாலயம் ஒன்று, குருமனை ஒன்று, பாடசாலை ஒன்று ஆகியவற்றுக்கு வேண்டிய வரைபடங்களும், வேலைக்குறிப்புகளும் அதில் அடங்கின. நூலை வாங்கிய எந்தத் தச்சனும், அப்ஜோனை ஒருநாளும் காணாமலே, அவர் வகுத்த ஆலயத்தைத் தன் ஊரிற் கட்டலாம். தம் தொழிலின் இரகசியங்களை இவ்வாறு திறந்து வைத்தல் வருவாய்க்கு ஊறு செய்யும் என்று அவர் அஞ்சவில்லை. நியூபெட்போட்டில் மாலைவகுப்பு நடத்திய அந்த ஆசிரியர், இந்நூல் மூலம் ஒரு நாட்டுக்கே வகுப்பு நடத்தினார் எனலாம்.

அவர் கற்பித்த முறையின் அழகு அதன் எளிமையிலே இருக்கின்றது. மரமரியும் ஆலைகள் பெருகியிருந்த காலமாதலாற் பலகை மலிவாகக் கிடைத்தது. பலகைகளைக் குறுக்காக அடுக்காமல் நெடுக்காக நிறுத்தி, இரு பலகைகள் சந்திக்கும் இடைவெளிமேல் ஒரு மெல்லிய சட்டத்தை, நம்மூர்த் தச்சர் றீப்பை என்று சொல்வதை, அடித்துவிடுவர். மரம் கோடையிற் சுருங்கும், ஈரத்தில் விரியும். சுருங்கும்போது தோன்றும் இடுக்கை அந்த றீப்பை மூடிக்கொள்ளும், மழைநீர் உட்புகாது. அதுவே சுவரெங்கும் நிழற்கோடுகளைப் படியச் செய்து, பார்ப்போர் கண்ணை மேல்நோக்கி இழுத்துச் செல்லும். காவலாக வந்ததே அணியாகவும் ஆயிற்று. கூரை செங்குத்தாகச் சரிதலால் பனி தங்காது வழுகும். உள்ளே உயரம் மிகும். பலிபீடம் கிழக்கு நோக்கி அமையும். மக்கள் அமரும் பகுதியிலும் ஒடுக்கமாக அப்பீடப்பகுதி தனித்து நிற்கும். மரத்தை மரமாகவே காட்டுதலன்றிக் கல்லின் வேடம் அதற்குப் பூட்டப்படவில்லை. இம்மரபைப் பின்னையோர் தச்சர் கோதிக் என்று வழங்கினர்.

இனி நான் முன்னர்க் குறித்த துயரத்துக்கு வருகின்றேன். அப்ஜோனின் நூல் தெற்கு மாநிலங்களுக்கும் சென்றது. அலபாமா மாநிலத்திலே பிறெயரிவில் என்னும் சிற்றிடத்தில், பருத்தித் தோட்ட முதலாளிகளான எப்பிஸ்கோப்பல் சபையார், 1853ஆம் ஆண்டளவிலே புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பினர். அது அப்ஜோன் நூலின் வழியைத் தழுவியது என்று அறிஞர் கொள்வர். நெடும்பலகைச் சுவரும் கூர்ங்கூரையும் ஒடுங்கிய சாளரங்களும் அவ்வாறே அமைந்தன. உட்சுவர்ப் பலகைகளுக்குப் புகையிலைத் தண்டுகளைக் காய்ச்சி எடுத்த சாயம் ஊட்டப்பட்டது. அதைக் கட்டிய தலைமைத் தச்சர் பீற்றர் லீ, ஜோ கிளாஸ்கோ என்னும் இருவர். அவ்விருவரும் ஹென்றி ரெய்லோ என்னும் தோட்ட முதலாளியின் அடிமைகள். சுதந்திர மனிதரல்லர், விற்கவும் வாங்கவும் பட்ட மனிதர்.

இதனையொட்டி மற்றுமொரு செய்தியைச் சிந்திக்க வேண்டும். பிறன்சுவிக் ஊரிலே அப்ஜோன் கட்டிய கொங்கிறிகேஷனல் ஆலயத்தில், 1851ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹறியற் பீச்சர் ஸ்ரோ என்னும் மாது ஆராதனையிற் கலந்திருந்தார். அவர் கணவர் போடின் கல்லூரிப் பேராசிரியர். நற்கருணை வேளையிலே, அடித்துக் கொல்லப்படும் முதிய அடிமையொருவனின் தோற்றம் அவர் மனக்கண்முன் எழுந்தது என்பர். அதிலிருந்து பிறந்ததே தொம் மாமாவின் குடிசையைப் பற்றிய அந்த நாவல். அது நூலாக வெளிவந்த ஆண்டும் 1852; அப்ஜோனின் நூல் வெளிவந்த ஆண்டும் 1852. ஒரே மனிதன் வகுத்த கூரைகளுள் ஒன்றின்கீழே அடிமைத்தனத்தைச் சாடும் பெருநூல் கருக்கொண்டது. மற்றொன்றை அடுத்த ஆண்டிலேயே அடிமைகள் தம் கையாற் பூட்டினர்.

இதற்கு அப்ஜோனைக் குற்றஞ் சாட்டலாமா? நூலொன்று வெளிவந்தபின் அதனை எவர் கை எடுத்தாளும் என்பது ஆசிரியனின் ஆட்சிக்குள் அடங்குவதன்று. ஆயினும், கோட்பாட்டுக்கு மாறான ஆலயத்தைக் கட்ட மறுத்த அவருடைய திருச்சபையே, மனிதனை விலைக்கு வாங்கியவன் எழுப்பிய ஆலயத்தைப் பிரதிட்டை செய்யத் தயங்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. திரித்துவத்தை நுணுகி ஆராய்ந்த கண்கள், பக்கத்திலே உளிபிடித்து நின்ற மனிதனைக் காணத் தவறின. கட்டடம் உண்மை பேசவேண்டும் என்ற கொள்கையை மரத்துக்கும் கல்லுக்கும் விதித்த காலம், அதனை மனிதர் திறத்தில் விதிக்கப் பின்வாங்கிற்று. அடிமை முறை 1865ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன் ஓர் உள்நாட்டுப்போர் நிகழவேண்டியிருந்தது.

ஒன்று மாத்திரம் ஆறுதல் தருகின்றது. பிறெயரிவில் ஆலயம் 1973இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக ஏற்கப்பட்டது. அதன் வரலாற்றைச் சொல்வோர் இன்று முதலாளியின் பெயரோடு பீற்றர் லீ, ஜோ கிளாஸ்கோ என்னும் பெயர்களையுஞ் சேர்த்தே சொல்கின்றனர். அப்ஜோனும் ஒரு தச்சனே. கடனால் நாடு துறந்த தச்சன், உடைமையாக எண்ணப்பட்ட தச்சர் இருவர், இம்மூவரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரு கட்டடத்திற் சந்தித்தனர் என்று எண்ணும்போது என் நெஞ்சம் நெகிழ்கின்றது.

அப்ஜோனின் பிற்கால வாழ்வு பெருமை நிறைந்தது. கட்டடக்கலை என்பது ஒப்பந்தகாரனின் உபதொழிலன்று, கல்வியும் ஒழுக்கமும் வேண்டும் தனித்தொழில் என்பதை நிலைநாட்ட விரும்பினார். 1857ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள் அவருடைய அலுவலகத்திலே பதின்மூன்று கலைஞர் கூடி, அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்துக்கு அடிகோலினர். அதன் முதற்றலைவராகி 1876 வரையும் அவர் பணிபுரிந்தார். கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்த அவர் மகன் றிச்சாட் மிச்செல் அப்ஜோனும் தந்தை வழியே சிறந்த கலைஞராகி, கனெற்றிக்கட் மாநிலத்தின் சட்டமன்ற மாளிகையை ஹாட்போட் நகரில் அமைத்தார்.

முதுமையிலே அப்ஜோன் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள கறிசன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். அவ்வூரின் எப்பிஸ்கோப்பல் சபைக்கு, 1861ஆம் ஆண்டளவில், புனித பிலிப்பு ஆலயத்தைச் சிறியதொரு கற்கோயிலாக அவரே வகுத்துக் கொடுத்திருந்தார். நாட்டின் பேராலயங்களை எழுப்பியவர், தாம் கட்டிய அச்சிற்றாலயத்திலே ஊரவரோடு ஊரவராக வழிபட்டு வந்தார். 1878ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அங்கேயே காலமானார். அவ்வாலயத்தின் நிலத்திலேயே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

கோபுரத்தின் உயரத்தால் ஒரு கலைஞனை அளப்பது உலக வழக்கம். அவன் கற்றதை எத்தனை எளிய கைகளுக்குக் கொடுத்தான் என்பதும் ஓரளவுகோலே. அவ்வளவுகோலால் நோக்கின், 281 அடிக் கோபுரத்திலும் உயர்ந்து நிற்பது 1852ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் புத்தகம். அதனை விரித்துவைத்துப் பலகை அறுத்த பெயர் தெரியாத தச்சர்களும், பெயர் தெரியவந்த அலபாமாவின் அவ்விரு தச்சர்களும், அவருடைய வரலாற்றில் அவரோடு சமமாக நிற்கத் தக்கவரென்றே நான் சொல்வேன்.